கடைசி நாலு எண்

உடுக்கை அடிக்கிறவனுக்குத் தெரியும்.
கூட்டத்துக்குத் தெரியாது,
ஆடுகிறவன் பெண்டாட்டிக்கும் தெரியாது.
சாமி வந்துவிட்டதென்ற சேதி
முதலில் என் மணிக்கட்டுக்குத்தான் வரும்.

வேலந்தாவளத்துச் சோதனைச்சாவடிக்கு
இந்தப் பக்கம் நூறு தப்படியில்
எல்லைக் கருப்பராயன்:
புளியமரம், நட்டுவைத்த அரிவாள், ஒரு டியூப்லைட்.
அந்தப் பக்கம் நூறு தப்படியில்
சுகதனின் லாட்டரிக் கடை.
நடுவே வைக்கோல் லாரிகள்,
அடிமாட்டு வண்டிகளின் மூத்திர வாசம்.

அப்போதெல்லாம் ராக்கியண்ணன்
வியாழன் இரவே சோற்றை நிறுத்திவிடுவான்.
வெள்ளி பொழுது சாய ஈரத்தலையோடு வந்து நிற்பான்.
நான் சும்மா தொடங்குவேன், தூறல் மாதிரி.
திடீரென்று அவன் இடதுகால்
தாளத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும்.
அப்புறம் நான் அடிப்பதில்லை.
அவன் காலுக்குப் பின்னால்
மூச்சிரைக்க ஓடும் என் விரல்.

தொலைந்த எருமை எந்த ஓடையில் என்று சொல்வான்.
ஒருத்தியிடம்,
"அழுதுட்டு வா, அப்புறம் கேளு" என்றான்.
நடுச்சாமம்வரை அழுதாள்.
அதுவரை அரிவாள்மேல் நின்றான்.
கூலி ஒரு ரூபாய், ஒரு எலுமிச்சம்பழம்.

அந்த ஆடியில் ஒரு டெம்போ டிரைவர்
கல்யாணம் எப்போது என்று கேட்டான்.
"ஏழு, நாலு" என்றது சாமி.
மாதமா நாளா என்று அவன் யோசிக்கவில்லை.
சாலையைத் தாண்டினான்,
எழுபத்துநாலில் முடிகிற சீட்டு ஒன்று வாங்கினான்.
ஐயாயிரம் விழுந்தது.

அடுத்த வெள்ளி செருப்புவிட இடமில்லை.
அதற்கடுத்த வெள்ளி காலையில்
சுகதன் வந்தான், ஸ்கூட்டரை அணைக்காமலே பேசினான்.
"விக்காத கட்டு கொறைய கிடக்குது சேட்டா.
கடைசி நாலு எண் மட்டும் சாமி சொன்னா மதி."
ராக்கியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில்
உச்சிவெயில்வரை கிடந்தது கவர்.
அப்புறம் பார்த்தபோது டப்பா மட்டும் இருந்தது.

எனக்கு இருநூறு.
மகளுக்குக் கண்ணாடி போட்டேன்.
அவளுக்கு இப்போது கரும்பலகை தெரிகிறது.
இதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றிரவும் ஆடினான், நன்றாகவே ஆடினான்.
சந்தேகத்துக்கு ஒரே ஒரு அடியை விட்டுப் பார்த்தேன்.
அவன் காலும் ஒரு அடி நின்றது.
எனக்கு விரலெல்லாம் சில்லிட்டுப்போனது.

இரண்டு வருசம் அப்படியே போனது.
பூக்கடை வந்தது, டோக்கன் வந்தது,
கருப்பராயனுக்கு வெள்ளியில் மீசை வந்தது.
ஒருநாள் ஒழலப்பதியிலிருந்து வந்தவள்
பேச்சு நின்றுபோன மகனை முன்னால் நிறுத்தி,
"இவன் வாயை யார் கட்டினது சாமி?" என்றாள்.
எண் கேட்காத ஆள். வெகுநாளைக்குப் பிறகு.
ராக்கியண்ணன் என்னைப் பார்த்தான்.
கயிற்றை இறுக்கினேன். விரல்நுனி வெடிக்க அடித்தேன்.
வா, கருப்பா, இவளுக்காகவாவது வா.
அவன் வாய் திறந்து திறந்து மூடியது.
கடைசியில் வந்தது:
"மூணு, எட்டு, ஆறு, ஒன்பது."

பின்னால் நின்ற இருபது பேர்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்கள்.
அவள் மகனின் காதைப் பொத்தி
அழைத்துக்கொண்டு போனாள்.

இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினான்.
"பழைய அடி அடிடா. ஒரே ஒருக்கா."
வறண்ட ஓடையில் இறங்கினோம்.
மூன்று நாளாய்ச் சாப்பிடவில்லை என்றான், பொய்யில்லை.
கிழக்கு வெளுக்கும்வரை அடித்தேன்.
வேலிக்கு நட்ட கல்லுக்கால் மாதிரி
நின்றன இரண்டு கால்களும்.

எல்லைச்சாமி.
எந்தப் பக்கம் இறங்கிப் போனாரென்று
சாவடியில் போய்க் கேட்கவா முடியும்?

மேலே லாரிகள் நகரத் தொடங்கின.
ராக்கியண்ணன் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டான்.
"வெள்ளிக்கெழமை நேரத்துல வந்துரு" என்றான்.
சரி என்றேன்.